சுவருக்கு 'வைட்லி' அடித்த பிள்ளை: பிழை யாருடையது?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களும், இரவில் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கும் உம்மா வாப்பாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது எமது விருப்பம்.

சென்ற தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தோம். அந்த வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய வாப்பா பெயின்ட் அடிக்கும் தொழில் செய்பவர். வழமையாக நாலு வாக்கியத்துக்கு மேல் எழுத மாட்டான். அன்று பத்தும் எழுதியிருந்தான். நோன்புப் பெருநாளைக்கு முந்திய கிழமை வாப்பா லீவு எடுத்து, சொந்த வீட்டு முன்சுவருக்குப் பெயின்ட் அடித்த கதை. அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: 'மை ஃபாதர் பெயின்டட் த வால் வைட்லி.'

நாம் அதை வகுப்பில் உரக்க வாசித்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நாமும்தான் சிரித்தோம். அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "அப்படி ஒரு சொல் இங்கிலீஷிலேயே இல்லை" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"நீங்கதான சேர் சொன்னீங்க, தமிழ்ல 'ஆக' எண்டு வந்தா இங்கிலீஷ்ல 'லி' போடச் சொல்லி? 'வெள்ளையாக' எண்டு யோசிச்சித்தான் எழுதின."

எம்மிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது நல்லதாய்ப் போயிற்று என்று வகுப்பை விட்டு வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்து பார்த்தோம். 'வைட்லி' என்ற சொல் அங்கே இருந்தது! 'ரெட்லி', 'கிரீன்லி', 'பிளாக்லி' கூட இருந்தன. ஆக, ஒரே பாடவேளையில் இரண்டு பிழை விட்டிருக்கிறோம். இருக்கின்ற சொல்லை இல்லை என்றோம். நாம் சொல்லிக் கொடுத்த விதியின்படி எழுதிய பிள்ளையைச் சிரிப்புக்கு ஆளாக்கினோம்.

அடுத்த கிழமை அவன் நாலு வாக்கியத்துக்குத் திரும்பியிருந்தான். 'திஸ் இஸ் மை ஸ்கூல்' என்ற மாதிரி நாலு வாக்கியம். நாலும் சரி. நாலிலும் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து இந்த விடயம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தக் குறுக்குவழி எங்கிருந்து வந்தது?

'ஆன' என்று முடிந்தால் பெயரடை, 'ஆக' என்று முடிந்தால் வினையடை, வினையடைக்கு 'லி' சேர். நாம் ஓ/எல் படிக்கும்போது டியூசன் வகுப்பில் இதைத்தான் மனனம் செய்தோம். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் மாதிரிப் பாடம் நடத்தப் போனபோதும் இதையே கரும்பலகையில் எழுதினோம். இன்று எமது மாணவர்களுக்கும் இதையே கொடுக்கிறோம். கைமாறிக் கைமாறி வந்த சொத்து.

சும்மா சொல்லக்கூடாது, பல இடங்களில் இது வேலை செய்கிறது. வேகமான என்றால் 'குவிக்', வேகமாக என்றால் 'குவிக்லி'. கவனமான என்றால் 'கெயார்ஃபுல்', கவனமாக என்றால் 'கெயார்ஃபுலி'. பிள்ளையும் சந்தோசம், ஆசிரியரும் சந்தோசம்.

நிறங்களுக்கு வந்ததும்தான் குட்டு வெளிப்படுகிறது. 'வெள்ளையான சுவர்' என்பது 'வைட் வால்'. அதுவரை சரி. 'வெள்ளையாக அடித்தார்' என்றதும் பிள்ளை விதியைப் பிடித்துக்கொண்டு 'வைட்லி'க்குப் போகிறது. 'சுவர் வெள்ளையாக இருக்கிறது' என்பதற்கும் 'த வால் இஸ் வைட்லி' என்று எழுதிய பிள்ளைகள் எமது வகுப்பிலேயே இருக்கிறார்கள். நிறத்தோடு மட்டும் இது நிற்கவும் இல்லை. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதற்கு 'ஷீ இஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதுவதும் இதே குறுக்குவழியின் விளைவுதான்.

கல்முனை மண்ணின் பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' நூலில் பெயரடை, வினையடை பற்றிய பகுதிகளை மீண்டும் எடுத்து வாசித்தோம். ஆங்கிலம் கற்பிப்பவர் தமிழ் இலக்கணம் வாசிப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் எமது பிள்ளை தமிழில் நினைத்துத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறது. அது புறப்படும் இடம் எமக்குத் தெரியாவிட்டால், வழி தவறும் இடமும் தெரியப் போவதில்லை.

விடயம் இதுதான். தமிழின் 'ஆக' ஒரே வேலையைச் செய்வதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

வாப்பா சுவருக்குக் கவனமாகப் பெயின்ட் அடித்தார்.
வாப்பா சுவரை வெள்ளையாக அடித்தார்.

முதலாவதில் 'கவனமாக' என்பது அடித்த வேலையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவதில் 'வெள்ளையாக' என்பது அடித்து முடிந்த பிறகு சுவர் என்ன ஆனது என்று சொல்கிறது. தமிழ் இரண்டுக்கும் ஒரே 'ஆக'வைக் கொடுக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. வேலையைப் பற்றிப் பேசினால் 'லி' வரும்: 'கெயார்ஃபுலி'. சுவரைப் பற்றிப் பேசினால் வெறும் நிறச்சொல் போதும்: 'வைட்'. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கூடச் சொல்லலாம்: 'மை ஃபாதர் கெயார்ஃபுலி பெயின்டட் த வால் வைட்.'

அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியிருந்தது இந்த அளவுதான். மூன்று நிமிடம் போதும். நாம் மூன்று நிமிடம் செலவழிக்காமல் சிரித்தோம்.

வகுப்பில் எப்படிச் சொல்லலாம்?

அதன் பிறகு இந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்திப் பார்த்தோம். ஆங்கிலத்தில் நிறச்சொல் போய் இருக்கும் இடங்களை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தோம். மற்ற ஆசிரியர்களுக்கும் பிரயோசனப்படும் என்பதற்காக இங்கே தருகிறோம்.

1. பெயருக்கு முன்னால்: 'எ ரெட் பஸ்', 'டூ ரெட் பஸ்ஸஸ்'. பஸ் இரண்டானாலும் இருபதானாலும் 'ரெட்' மாறாது. 'ரெட்ஸ்' என்று ஆகாது. தமிழிலும் நாம் 'சிவப்புகள் பஸ்கள்' என்று சொல்வதில்லையே. பல அடைகள் சேர்ந்து வந்தால் அளவு, பழமை, நிறம், செய்த பொருள் என்ற வரிசையில் வரும்: 'எ ஸ்மோல் ஓல்ட் கிரீன் வுடன் போட்'. கடற்கரையில் கிடக்கும் தோணியைக் காட்டியே இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

2. 'ஆக இருக்கிறது' என்ற இடத்தில்: 'த பஸ் இஸ் ரெட்', 'த சீ லுக்ஸ் புளூ'. கடல் நீலமாக இருக்கிறது, நீலமாகத் தெரிகிறது. 'ஆக'வுக்குப் பின்னால் 'இரு' வந்தால் 'லி'யை மறந்துவிடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். இந்த ஒரு வரியே பாதிப் பிழையைக் குறைத்துவிடும்.

3. 'ஆக மாறியது' என்ற இடத்தில்: பெருநாளைக்கு முந்திய இரவு பிள்ளைகள் மருதோண்டி போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். காலையில் கை சிவந்திருக்கிறது. 'ஹெர் ஹேண்ட்ஸ் டேர்ன்ட் ரெட்.' வயல் விளைந்தது: 'த பெடி டேர்ன்ட் யெலோ.' சந்தியில் சிக்னல் லைட் பச்சைக்கு மாறியது: 'த லைட் டேர்ன்ட் கிரீன்.' எதிலும் 'லி' இல்லை. மாறியது பொருள். நிறம் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

4. 'ஆக ஆக்கினார்' என்ற இடத்தில்: எமது பெயின்ட் வாப்பாவின் இடம் இதுதான். 'பெயின்டட் த வால் வைட்', 'டைட் த க்ளோத் புளூ'. செயல், செயப்படுபொருள், அதன் பின்னால் அந்தப் பொருள் அடைந்த நிறம். உம்மாமார் யூடியூபில் சமையல் பார்க்கும்போதும் இது வரும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வரும்வரை பொரிக்கச் சொல்லும் இடத்தில் 'அன்டில் கோல்டன் பிரவுன்' என்பார்கள். 'கோல்டன்லி' என்று எந்தச் சமையல்காரரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

5. செயல் நடக்கும் நேரத்தில் பொருள் இருந்த நிலை: 'ஷீ ட்ரிங்க்ஸ் ஹெர் கோஃபி பிளாக்.' அவள் பால் போடாமல் கோப்பி குடிக்கிறாள். இங்கே 'பிளாக்' என்பது குடிக்கும் விதம் அல்ல, கோப்பியின் நிலை. 'த ஃப்ளேம் பேர்ன்ட் புளூ' என்றால் சுவாலை நீலமாக எரிந்தது. அடுப்பில் காஸ் சரியாக எரியும்போது தினமும் பார்க்கும் காட்சி.

இந்த ஐந்தையும் சொன்ன பிறகு, பிள்ளைகள் தாங்களாகவே சோதித்துப் பார்க்க ஒரு சின்னக் கேள்வியும் கொடுத்தோம். 'ஆக' இருக்கும் இடத்தில் 'ஆன' போட்டு, வாக்கியத்தில் உள்ள பொருளுக்கு முன்னால் வைத்துப் பார். 'வெள்ளையான சுவர்' பொருந்துகிறதா? பொருந்துகிறது. அப்படியானால் 'வைட்'. 'கவனமான சுவர்' பொருந்துகிறதா? சுவருக்கு எங்கே கவனம்! அப்படியானால் 'கெயார்ஃபுலி'. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் மந்திரம் அல்ல. 'அழகாகப் பாடினாள்' என்பதில் பாடியவளும் அழகாக இருக்கலாம், பாட்டும் அழகாக இருக்கலாம். அங்கே கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசிக்க வைக்கிறது, அது போதும். மனனம் செய்த விதி யோசிக்க விடாது.

அப்படியானால் 'வைட்லி' எதற்கு?

சொல் இருக்கிறது, ஆனால் அதற்குப் புழக்கம் மிகக் குறைவு. கதை எழுதுபவர்கள் பாவிப்பார்கள். இருட்டில் ஒருவர் சிரிக்க, அவருடைய பல் வெள்ளையாக மின்னியது என்று சொல்ல 'ஹிஸ் டீத் க்ளீம்ட் வைட்லி' என்று எழுதுவதுண்டு. அங்கே மின்னிய விதத்தையே வெள்ளையாகக் காட்டுகிறார்கள். அந்த இடத்திலும் வெறும் 'வைட்' போட்டால் பிழையாகாது. 'பிளாக்லி' என்று வந்தால் பெரும்பாலும் நிறத்தைப் பற்றிய பேச்சே அல்ல. கோபமாக, மனம் இருண்டு என்ற கருத்து. ஆகவே பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய வார்த்தை 'அப்படி ஒரு சொல் இல்லை' என்பதல்ல. 'அந்தச் சொல் இருக்கிறது மகன், ஆனால் உன் சுவருக்கு அது பொருந்தாது' என்பதுதான். முதலாவது வாயை அடைக்கிறது. இரண்டாவது பிள்ளையை அகராதிப் பக்கம் அனுப்புகிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பெயரடைக்கு அழுத்தம் கொடுக்க 'லி' வரும் என்று மேல் வகுப்பில் படிப்பிக்கிறோம். அதைக் கேட்ட பிள்ளை கடும்பச்சைக்கு 'டார்க்லி கிரீன்' என்று எழுதுகிறது. நிறத்தின் கடுமை, இளமை சொல்லும்போது ஆங்கிலம் 'டார்க் கிரீன்', 'லைட் புளூ', 'பிரைட் ரெட்' என்று வெறுமனே ஒட்டி வைக்கிறது. நாமும் 'கடுமையாகப் பச்சை' என்றா சொல்கிறோம்? கடும்பச்சை, இளநீலம் என்றுதானே சொல்கிறோம். இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துப் போகின்றன. அதைச் சுட்டிக்காட்டினால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

எமது பிள்ளையிடம் ஏற்கனவே இருப்பது

எமது வகுப்பறைகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. தமிழ்தான் ஆங்கிலத்துக்குத் தடை, தமிழை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வா என்று. நாமும் சில காலம் அப்படித்தான் நடத்தினோம். நிறங்களைப் பற்றிய இந்தப் பாடம்தான் எமது எண்ணத்தை மாற்றியது.

கரும்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பல வகுப்புகளில் அது பச்சை நிறம். ஆனாலும் அதன் பெயர் கரும்பலகைதான். ஆங்கிலத்திலும் 'பிளாக்போர்ட்' என்று ஒரே சொல்லாக எழுதினால் வகுப்பறைப் பலகை, அது பச்சையாக இருந்தாலும் சரி. 'பிளாக் போர்ட்' என்று பிரித்தால் கறுப்பு நிறமான ஏதோ ஒரு பலகை. இதை விளக்க நாம் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. கரும்பலகைக்கும் கறுப்புப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் தரம் 3 பிள்ளைக்கே தெரியும். செங்கல் என்பதற்கும் சிவப்புக் கல் என்பதற்கும் உள்ள வித்தியாசமும் தெரியும். அந்த அறிவைப் பாலமாக்குவதுதான் எமது வேலை.

வினைச்சொல்லும் அப்படித்தான். சிவந்தது, கறுத்தது, வெளுத்தது என்று தமிழில் நிறமே வினையாகிவிடும். ஆங்கிலத்திலும் 'ரெடன்', 'பிளாக்கன்', 'வைட்டன்' இருக்கின்றன. ஆனால் 'புளூவன்', 'கிரீனன்' என்று இல்லை. 'யெலோ', 'கிரே', 'பிரவுன்' போன்றவை எதுவும் சேராமல் அப்படியே வினையாகின்றன. பழைய குர்ஆன் பிரதியின் தாள் பழுத்துப் போயிருந்தால் 'த பேஜஸ் ஹேவ் யெலோட்' என்று சொல்லலாம். எமக்கும் அப்படித்தானே? சிவந்தது என்கிறோம், 'நீலந்தது' என்று சொல்வதில்லை, நீலமாகியது என்கிறோம். ஒவ்வொரு மொழியும் சில நிறங்களுக்கு ஒரு சலுகை, மற்றவற்றுக்கு வேறொரு வழி என்று வைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூட 'பச்சைக்கு என்ன சேர், மஞ்சளுக்கு என்ன சேர்' என்று கேட்கத் தொடங்கினார்கள். இலக்கணப் பாடத்தில் பின்வரிசை கேள்வி கேட்டது எமக்கு அபூர்வம்.

தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பச்சைப் பசேல் என்று', 'வெள்ளை வெளேர் என்று', 'செக்கச் செவேல் என்று' நாம் சொல்லும் அழகு ஆங்கிலத்தில் அப்படியே வராது. 'கிரீன் கிரீன்' என்று எழுதினால் அந்த வயல் அங்கே தெரியாது. 'பிரைட் கிரீன்' என்றோ 'லஷ் கிரீன்' என்றோ வேறு வழி தேட வேண்டும். 'அவருடைய முகம் கறுத்துப் போனது' என்பதை 'ஹிஸ் ஃபேஸ் டேர்ன்ட் பிளாக்' என்று பெயர்த்தால் வாசிப்பவர் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுவார். இந்த வேறுபாடுகளைச் சிரித்துப் பேசலாம். ஆனால் அப்போது பிள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்து நாம் சிரிப்பது வேறு.

'ரெட் கலர் ஷேர்ட்'

இதைச் சொல்லாமல் விட்டால் சில நண்பர்கள் உள்பெட்டியில் வந்து கேட்பார்கள். 'ரெட் கலர் ஷேர்ட்', 'மை பெக் இஸ் பிளாக் கலர்' என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். கடையில், பஸ்ஸில், ஏன் ஆசிரியர் ஓய்வறையிலும் இப்படித்தான். 'சிவப்பு நிறச் சேர்ட்' என்ற தமிழின் நிழல் அது. இலங்கையில் பேசும் ஆங்கிலத்துக்கு அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது. மைக்கல் மெய்லர் 2007 இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். ஆகவே கடையில் 'ரெட் கலர் ஷேர்ட்' கேட்கும் உம்மாவைத் திருத்தப் போவது வீண் வேலை. கடைக்காரர் சரியான சேர்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு 'எ ரெட் ஷேர்ட்', 'மை பெக் இஸ் பிளாக்' என்பதுதான் எழுத்து வழக்கு என்று சொல்லிக் கொடுப்பது எமது கடமை. இரண்டையும் பிள்ளை அறிந்திருக்கட்டும். வீட்டில் பேசும் தமிழ் வேறு, கட்டுரையில் எழுதும் தமிழ் வேறு என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இது பெரிய விடயமே இல்லை.

எமது கருத்தை மறுப்பவர்களுக்கு

இதை ஓய்வறையில் பேசியபோது ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார்: "தம்பி, நாற்பது பிள்ளை, நாற்பது நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய அலகு அவ்வளவு. மெல்லக் கற்கும் பிள்ளைக்குக் குறுக்குவழிதான் கை கொடுக்கும். நீங்க சொல்றது கெட்டிக்காரப் பிள்ளைக்கு."

அவருடைய கஷ்டம் எமக்குத் தெரியும். அதே வகுப்பறையில்தான் நாமும் நிற்கிறோம். ஆனால் ஒன்றை மரியாதையோடு சொல்ல விரும்புகிறோம். குறுக்குவழியால் அதிகம் பாதிக்கப்படுவது மெல்லக் கற்கும் பிள்ளைதான். வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளை 'வைட்லி' என்று எழுதாது. காது அதைத் தடுத்துவிடும். ஆங்கிலத்தை எமது வாயிலிருந்து மட்டுமே கேட்கும் பிள்ளைதான் நாம் சொன்ன விதியை முழுதாக நம்பி, அதன்படி எழுதி, மாட்டிக்கொள்கிறது. எம்மை நம்பியதற்கான தண்டனை அது. அதோடு, 'ஆக'வுக்குப் பின்னால் 'இரு' வந்தால் 'லி' வேண்டாம் என்பதும் குறுக்குவழிதான். நீளமும் அதே அளவுதான். சரியான குறுக்குவழி என்பது மட்டுமே வித்தியாசம்.

இன்னும் சிலர் இலக்கணமே வேண்டாம், பேசப் பழக்கினால் தானாக வரும் என்கிறார்கள். வீதியில் இறங்கினால் ஆங்கிலம் கேட்கும் ஊரில் அது சரிவரலாம். எமது ஊர்களில் பாடசாலை வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழுவதில்லை. கிழமைக்குச் சில பாடவேளைகள்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆங்கிலம் முழுவதும். அதில் பேச்சும் வேண்டும், ஏன் எதற்கு என்ற விளக்கமும் வேண்டும்.

ஆங்கிலம் ஓ/எல் வரை கட்டாயப் பாடம். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அங்கே பல துறைகளில் அதுதான் மொழி. கட்டாருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான் துணை. தரம் 9 இல் ஒரு பிள்ளை 'இனி நாலு வாக்கியத்துக்கு மேல் எழுதுவதில்லை' என்று மனதுக்குள் முடிவெடுத்தால், அதன் விலை ஒரு தவணைப் பரீட்சைப் புள்ளியோடு நிற்காது.

எமது வேண்டுகோள்

ஆசிரியர்களுக்கு: 'ஆக என்றால் லி' என்பதைக் கைவிடுவோம். அதன் இடத்தில் 'யாரைப் பற்றிப் பேசுகிறாய், செயலையா, பொருளையா?' என்று கேட்கப் பழக்குவோம். பிள்ளை ஒரு பிழை விட்டால், எந்த விதியைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது என்று முதலில் கேட்போம். பல வேளை அந்த விதி எமது கையெழுத்திலேயே இருக்கும். ஒரு சொல் பிழைத்ததற்காக முழு வாக்கியத்துக்கும் பூச்சியம் போட வேண்டாம்.

பெற்றோருக்கு: கொப்பியில் எத்தனை சிவப்பு வட்டம் என்று எண்ண வேண்டாம். எத்தனை வாக்கியம் எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து எழுதி மூன்று பிழைத்த பிள்ளை, நாலு எழுதி நாலும் சரியான பிள்ளையை விட அதிகம் படித்திருக்கிறது.

மாணவர்களுக்கு: ஆசிரியர் சொன்ன விதியால் பிழை வந்தால், அந்தப் பிள்ளை கேட்டது போலக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. எமக்கு அதனால்தான் இந்தப் பாடம் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. அந்த மாணவனிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டோம். சிரித்தது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தானே இருக்க வேண்டும். அவனுடைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கடைசி இரண்டு எழுத்தை மட்டும் அழித்துக் காட்டினோம். அவ்வளவுதான் பிழை, இரண்டே எழுத்து. மற்ற எல்லாம் சரி.

அவன் இன்னும் பத்து வாக்கியத்துக்குத் திரும்பவில்லை. போன கிழமை ஆறு எழுதியிருந்தான். அதில் 'அவர் கேட் இஸ் பிளாக் கலர்' என்று ஒன்று. வட்டம் போடவில்லை. பக்கத்தில் அழைத்து, "கேட்டுக்கும் வாப்பாவா பெயின்ட் அடிச்ச?" என்று கேட்டோம். "ஓம் சேர்" என்றான். "அப்ப அதையும் எழுது" என்றோம்.

ஏழாவது வாக்கியத்தை அங்கேயே நின்று எழுதினான். 'லி' இல்லை.